பழைய வீட்டைப் புதுப்பிக்க 18 லட்சம்: ஆர்க்கிடெக்டிடம் எந்தத் தொகையைச் சொல்வது?

திருநகர்வாசி:
மதுரையில் 1992-ல் கட்டின வீடு. கீழே 900, மாடியில் 700 சதுர அடி. கிச்சனுக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற சுவரை எடுக்கணும், மூணு பாத்ரூமையும் இடிச்சுப் புதுசாப் போடணும், ஒயரிங் முழுக்க மாத்தணும். மொத்தமே 18 லட்சம்தான், கடன் வாங்குற எண்ணம் இல்லை. முழுத் தொகையைச் சொன்னா அதுக்கு ஏத்த மாதிரியே பிளான் போட்டுடுவாங்கன்னு வீட்டில் பயப்படுறாங்க. ஆர்க்கிடெக்ட் ஃபீஸ் 8 சதவீதம் கேட்கிறார். என்ன செய்யலாம்?

எஸ்டிமேட்காரன்:
தொகையை மறைச்சா முதல் டிராயிங்கே 25 லட்சத்தில் வந்து நிக்கும், அப்புறம் வெட்டிக் குறைக்கிறதே வேலையாயிடும். சொல்லுங்க. ஆனா 18-ஐ இல்லை, 14-ஐ.

வேலைக்கு 14 லட்சம். ஃபீஸ் 8% = 1.12, அதுக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தா 1.32. எதிர்பாராத செலவுக்கு 15% = 2.10. வாடகை வீடு, சாமான் ஏத்தி இறக்க 0.55. கூட்டினா 17.97. அந்த 2.10-ஐ டைல்ஸ் கடையில் தொட்டுடாதீங்க. முப்பது வருஷ வீட்டில் சுவரை உடைச்ச பிறகுதான் பாதி செலவே தெரியும்.

சதவீதத்தில் தப்பில்லை, எதன் மேல 8%ங்கிறதுதான் கேள்வி. நீங்களே வாங்குற டைல்ஸ், குழாய், ஃபேனும் அதில் சேருமா? வேலை செலவு ஏறினா ஃபீஸும் ஏறுமா? ஒத்துக்கிட்ட எஸ்டிமேட் மேல கணக்குப் போட்டு, ஒரே தொகையா எழுதி வாங்கிடுங்க. சைட்டுக்கு எத்தனை தடவை வருவார், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஃபீஸ் அதில் அடக்கமாங்கிறதும் அதே தாளில் இருக்கணும். கடைசி 10 சதவீதத்தை வேலை முடிஞ்ச பிறகு கொடுங்க.

இன்னொண்ணு, ஆர்க்கிடெக்டோட கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் பதிவு எண்ணைக் கேளுங்க. 1972 ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிஞ்சவங்க மட்டும்தான் ஆர்க்கிடெக்ட்னு போட்டுக்கலாம்.

கம்பியும்காரையும்:
பட்ஜெட்டுக்கு முன்னாடி அந்தச் சுவரைப் பாருங்க சார். 9 அங்குலச் சுவர்னா பெரும்பாலும் பாரம் தாங்குற சுவர்தான். மாடியில் அதுக்கு நேர் மேல இன்னொரு சுவர் நிக்குதா? நின்னா அதோட எடையும் இதுலதான் இறங்குது.

தூண் இருக்கான்னு பார்க்க, மூலையில் ஒரு அடி அளவுக்குப் பூச்சை மட்டும் கொத்திப் பாருங்க. வெறும் செங்கல்தான் தெரிஞ்சா தூண் இல்லை. அப்போ சுவரை எடுக்க இரும்பு ஐ-பீமோ ஆர்சிசி பீமோ போடணும், ரெண்டு முனையிலும் அது உட்கார கான்கிரீட் பெட் வேணும். ரெண்டு பக்கமும் தளத்துக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் முதல் செங்கல்லைத் தட்டணும். கொத்தனார் "ஒண்ணும் ஆகாது சார்"ன்னு சொன்னா நம்பாதீங்க. இன்ஜினியர் வரைஞ்ச தாள் இல்லாம கை வைக்கக் கூடாது.

முழுச் சுவரையும் எடுக்காம, மேல லிண்டல் (திறப்புக்கு மேல சுவரைத் தாங்குற குறுக்குக் கட்டை) போட்டு 6 அடிக்கு ஒரு திறப்பு விட்டாலும் கிச்சன் திறந்த மாதிரிதான் இருக்கும். செலவு வெகுவாக் குறையும்.

திருநகர்வாசி:
மாடியிலும் அதே இடத்தில் சுவர் இருக்கு. அப்போ 6 அடி திறப்புதான். பாத்ரூம்ல செலவைக் குறைக்க பழைய டைல்ஸ் மேலேயே புதுசு ஒட்டலாமா?

எஸ்டிமேட்காரன்:
ஹாலில் ஒட்டலாம். தரை அரை அங்குலத்துக்கு மேல உசரும், கதவு அடியைச் சீவணும், அவ்வளவுதான். பாத்ரூமில் வேண்டவே வேண்டாம். கசிவு டைல்ஸுக்கு அடியில் இருக்கு, மூடி வச்சா கீழ் ரூம் சீலிங்கில் இறங்கும். மாடி பாத்ரூம் பள்ளத் தளமா (குழாய் போக தளத்தையே இறக்கிப் போட்டு, மேல நிரப்பினது) இருந்தா, உள்ளே நிரப்பின செங்கல் ஜல்லியை முழுக்க அள்ளி, குழாய் மாத்தி, வாட்டர்ப்ரூஃபிங் அடிச்சு, 48 மணி நேரம் தண்ணி கட்டிப் பாருங்க. கீழே ஈரம் வரலைன்னா மட்டும் டைல்ஸ்.

கம்பியும்காரையும்:
கான்ட்ராக்டர்கிட்ட சதுர அடி ரேட் கேட்காதீங்க, ரீமாடலிங்குக்கு அது சரிப்படாது. ஆர்க்கிடெக்ட் தர்ற அளவுப் பட்டியலை (எந்த வேலை எவ்வளவுன்னு வரி வரியா இருக்கிற தாள்) மூணு பேருக்கு அனுப்பி, ஒவ்வொரு வரிக்கும் ரேட் வாங்குங்க. இடிச்ச கழிவை யார் ஏத்துறது, ரேட்டில் டைல்ஸுக்குன்னு என்ன விலை வச்சிருக்காங்க, ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா, இது மூணும்தான் பின்னாடி சண்டையில் முடியும். ஒயரிங்கில் லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ.ன்னு தனித்தனி வரியா எழுதச் சொல்லுங்க. வெறுமனே "ஒயரிங் முழுவதும்"னு இருந்தா எல்லாத்துக்கும் 1.5 இழுத்துட்டுப் போயிடுவாங்க.