1967 போர்: மாஸ்கோ மூட்டிய தீயா, நாசர் எடுத்த முடிவா?

நிலவன்:
1967 ஜூனில் இஸ்ரேலுக்கும் எகிப்து, சிரியா, ஜோர்டான் நாடுகளுக்கும் இடையே நடந்த ஆறு நாள் போருக்கு முதல் பொறுப்பு சோவியத் ஒன்றியத்துக்குத்தான். மே 13 அன்று, மாஸ்கோ போயிருந்த எகிப்து நாடாளுமன்றத் தலைவர் அன்வர் சதாத்திடம், எகிப்தின் கூட்டாளியான சிரியாவின் எல்லையில் இஸ்ரேல் பெரும்படை குவித்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். கடைந்தெடுத்த பொய். மறுநாளே எகிப்து அதிபர் நாசர், இஸ்ரேலை ஒட்டிய சினாய் தீபகற்பத்துக்குள் படையை நகர்த்தத் தொடங்கினார். அவருடைய வீரர்கள் பல்லாயிரம் பேர் ஏமன் போரில் சிக்கியிருந்த நேரம் அது. அந்தச் செய்தி வராதிருந்தால் அவர் அசைந்திருக்கவே மாட்டார்.

வேங்கைமரம்:
பொய் என்று நாசருக்குச் சில நாளிலேயே தெரிந்துவிட்டதே! தளபதி முகமது ஃபவ்சியை டமாஸ்கசுக்கு அனுப்பினார். அவர் விசாரித்துவிட்டு, அப்படி ஒரு படைக்குவிப்பே இல்லை என்று அறிக்கை கொடுத்தார். சரி, அதற்குப் பிறகாவது நிறுத்தினாரா? எகிப்து-இஸ்ரேல் எல்லையில் நின்ற ஐ.நா. அமைதிப் படையை வெளியேற்றினார். அதோடு விடாமல் இஸ்ரேலின் தெற்குத் துறைமுகத்துக்கான கடல்வழியான டிரான் நீரிணையை இஸ்ரேல் கப்பல்களுக்கு மூடுவதாக அறிவித்தார். மூடினால் போர்தான் என்று இஸ்ரேல் 1957 முதலே சொல்லிவந்தது. தெரிந்தே செய்ததற்கு மாஸ்கோ மேல் பழிபோட்டால் எப்படி?

நிலவன்:
படையை ஊரறிய நகர்த்திவிட்டு வெறுங்கையோடு திரும்ப அவரால் முடியுமா? ஐ.நா. படையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார் என்று ஜோர்டான் வானொலி ஏற்கெனவே அவரைக் கேலி செய்துகொண்டிருந்தது. அந்த மேடையில் அவரை ஏற்றிவிட்டது மாஸ்கோ.

தென்கரை:
இருவருமே வாஷிங்டனை விட்டுவிட்டீர்கள். மே 26 அன்று இஸ்ரேல் வெளியுறவு அமைச்சர் அபா எபானிடம் அமெரிக்க அதிபர் ஜான்சன் சொன்னது இதுதான்: தனியாகப் போக இஸ்ரேலே முடிவெடுத்தால் ஒழிய அது தனித்து விடப்படாது. கேட்டவர் தமக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொள்ளலாம். நீரிணையைத் திறக்கப் பன்னாட்டுக் கப்பல் அணி என்றார்கள், அது கிளம்பவே இல்லை. மே 27 விடியுமுன் கெய்ரோவில் சோவியத் தூதர் நாசரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, முதல் அடி அடிக்காதீர்கள் என்றார். அதே இரவில் இஸ்ரேல் பிரதமர் எஷ்கோலையும் அங்கிருந்த சோவியத் தூதர் எழுப்பினார். எகிப்து காத்திருந்தது. ஜூன் 5 காலையில் இஸ்ரேலின் தாக்குதலில் அதன் விமானப்படையில் பெரும்பகுதி தரையிலேயே அழிந்தது.

வேங்கைமரம்:
அப்படியானால் வல்லரசு அழுத்தம் எகிப்தின் கையைக் கட்டியது என்றல்லவா ஆகிறது? போருக்குத் தள்ளியது என்று எப்படிச் சொல்வீர்கள்? கெய்ரோவும் ஜெருசலேமும் தத்தம் கணக்கைத் தாங்களே போட்டன.

தென்கரை:
ஒருவன் கையைக் கட்டி மற்றவனுக்கு ஆமாம், இல்லை இரண்டையும் சொன்னால் அதுவும் தள்ளுவதுதான். எகிப்தின் துணை அதிபர் ஜகரியா மொஹிதீன் ஜூன் 7 அன்று பேச்சுக்காக வாஷிங்டன் போக இருந்தார். இஸ்ரேல் அமைச்சரவை போருக்கு ஒப்புதல் தந்தது ஜூன் 4. அந்த மூன்று நாள் பொறுத்தே ஆகவேண்டும் என்று ஜான்சன் கறாராகச் சொல்லியிருந்தால், எஷ்கோல் மீறியிருப்பாரா? வேங்கைமரம் இதற்குப் பதில் சொல்லட்டும்.