'கிரவுண்ட் லூப்': கவச வளையம் எனலாமா?

அன்புடையீர்,

ஹோம் தியேட்டர் இணைப்புக் கையேட்டுக்கு 'கிரவுண்ட் லூப்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும். எர்த் ஆன கருவிகள் கேபிளாலும் இணைவதால் உண்டாகும் மின்வளையம் அது. சப்வூஃபர் (ஆழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) ஓயாமல் உறுமுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 'நிலவளையம்' பொருந்துமா?

---

'நிலவளையம்' வேண்டாம். நிலவைச் சுற்றிய வளையமாகவே படிப்பார்கள். அதற்கு ஊர்கோள் என்ற அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது. 'நிலக்கண்ணி' என்றால் வெடிதான் நினைவுக்கு வரும்.

என் பெரிய கவலை வேறு. பெயர் 'புவி', 'எர்த்' என்று தொடங்கினால் படிப்பவர் கை நேரே பிளக்கின் எர்த் பின்னுக்குப் போகும். அதைக் கழற்றினால் உறுமல் நிற்கலாம். ஆனால் பிறகு ஆம்ப்ளிஃபையருக்குள் மின்கசிவு ஏற்பட்டால் உலோகப் பெட்டியே ஷாக் அடிக்கும், உயிரே போகலாம்.

நடப்பதைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபையரும் சப்வூஃபரும் வெவ்வேறு சாக்கெட்டில் எர்த் ஆகின்றன. இரண்டு எர்த்துக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வேறுபாடு இருந்தாலே இரண்டையும் இணைக்கும் ஆர்சிஏ ஒலிக் கேபிளின் உலோக வெளிக்கவசம் வழியாக மின்னோட்டம் ஓடும். அதே கவசம்தான் ஒலிக்குறிகை திரும்பும் பாதையும். ஆகவே 50 ஹெர்ட்ஸ் (சில நாடுகளில் 60) ஒலியோடு கலந்துவிடுகிறது. கோளாறு நுழையும் இடமும் பாதுகாப்பாக அறுக்கக்கூடிய இடமும் கவசம்தான். எனவே 'கவச வளையம்' என்பது என் பரிந்துரை.

---

டிவிக்கு இரண்டு பின் பிளக்தானே, அதில் எர்த்தே இல்லையே?

---

அதற்கு எர்த் ஆன்டெனா கேபிளின் கவசம் வழியாக வந்துசேரும். பெயரில் 'கவசம்' இருக்க இது இன்னொரு காரணம்.

கையேட்டில் சோதனையை இந்த வரிசையில் தரலாம். முதலில் சப்வூஃபரில் செருகிய ஆர்சிஏ கேபிளை உருவுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு சப்வூஃபருக்குள், பெரும்பாலும் அதன் பவர் சப்ளையில். அது கவச வளையம் அன்று. நின்றுவிட்டால் கேபிளை மீண்டும் செருகி, டிவி, செட்டாப் பாக்ஸ் இரண்டிலிருந்தும் ஆன்டெனா கேபிளைக் கழற்றிப் பாருங்கள், உறுமல் நின்றால் வளையம் அந்த வழியில்தான். அடுத்து, எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து வரும் ஒரே பலகையில் செருகுங்கள். பாதிப் பேருக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

டிவிக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் போட்டால் அந்த வழி அறுபடும், அதில் உலோகமே இல்லை. ஹெச்டிஎம்ஐயில் கவசம் உண்டு. அது செருகியிருக்கும்வரை வளையமும் இருக்கும். வளையத்தை அறுக்க சப்வூஃபர் கேபிளில் 1:1 ஒலி டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம், ஆனால் மலிவான சின்ன டிரான்ஸ்ஃபார்மர் ஆழ்ந்த பேஸ் ஒலியைத் தின்றுவிடும். டிஷ் கேபிளில் சாதாரண ஐசோலேட்டர் (கவசத் தொடர்பை அறுக்கும் கருவி) போடக் கூடாது. டிஷ் தலைக்குப் போகும் 13/18 வோல்ட்டை அது தடுத்து, படமே வராது.

---

'கவச வளையம்' ஏற்கத்தக்கது. 'ஹம்' என்பதற்கு 'ரீங்காரம்' என எழுதுவதையும் விட்டுவிடலாம், அது வண்டின் மெல்லிய ஒலி. 'உறுமல்' என்றே வைப்போம். 'இரைச்சல்' என்ற சொல் ட்வீட்டரில் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கேட்கும் 'ஸ்ஸ்' ஒலிக்கு மட்டும் இருக்கட்டும்.