பொருத்தியபோது 74, நான்காம் வாரம் 62: பல் இம்பிளான்ட் கைவிடுகிறதா?

புது_கிளினிக்:

வணக்கம். கீழ்த்தாடை வலப்புற முதல் கடைவாய்ப்பல் இடம் (46). நோயாளிக்கு வயது 52. சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 7.2. புகைப்பழக்கம் இல்லை. பல் எடுத்து 5 மாதம் ஆறிய எலும்பு. டிரில் இறங்கியதை வைத்துப் பார்த்தால் டி2 (மிகக் கெட்டியான டி1 முதல் மிக மென்மையான டி4 வரையான எலும்பு வகைகளில் இரண்டாவது). இம்பிளான்ட் 4.1 மி.மீ. விட்டம், 10 மி.மீ. நீளம், மணல் வீசி அமிலத்தில் அரித்த மேற்பரப்பு. இறுதி டார்க் (திருகும் விசை) 45 நியூட்டன் சென்டிமீட்டர், ஐ.எஸ்.கியூ. (இம்பிளான்ட் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று அதிர்வால் அளக்கும் எண், 100 வரை) 74. ஹீலிங் கேப் (ஈறுக்கு மேலே தெரியும் மூடி) போட்டு ஒரே கட்டமாக விட்டாயிற்று.

நான்காம் வாரம் அளந்தால் 62. வலி, சீழ், ஆட்டம் எதுவும் இல்லை. ஆர்.வி.ஜி. (டிஜிட்டல் எக்ஸ்ரே) படத்தில் சுற்றிலும் கருப்புக் கோடு (எலும்பு ஒட்டாததன் அடையாளம்) தெரியவில்லை. நோயாளி வெளிநாடு போக வேண்டும், ஆறாம் வாரமே கிரவுன் கேட்கிறார். கம்பெனிக் கையேட்டிலும் ஆறு வாரம் என்றுதான் இருக்கிறது. இந்த இறக்கம் தோல்வியின் தொடக்கமா? ஆறாம் வாரம் பல் வைக்கலாமா? அடுத்த கேஸில் டிரில்லை ஒரு அளவு குறைத்துக்கொண்டு 60, 70 டார்க் எடுத்தால் இந்தச் சரிவைத் தவிர்க்கலாமா?

எலும்பு_செல்:

தோல்வி இல்லை. ஆனால் இந்த வாரங்களில்தான் அதைத் தோற்கடிக்கவும் முடியும் என்பதால் கேள்வி சரியான நேரத்தில் வந்திருக்கிறது.

அன்றைக்கு நீங்கள் அளந்த 74 முழுக்க இறுக்கத்தின் பிடி. திருகின் மரை பழைய எலும்பை நெருக்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். எலும்பு டைட்டானியத்தோடு சேர்வது வேறு வேலை. அது அன்றைக்குத் தொடங்கக்கூட இல்லை. டிரில் போன பாதையின் சுவரில் ஒரு மெல்லிய அடுக்கு எப்படியும் அடிபட்டிருக்கும். மரை நெருக்கிய இடத்திலும் எலும்பு இரத்த ஓட்டம் இழந்திருக்கும். இரண்டையும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் அரித்து எடுத்த பிறகுதான் அங்கே புதியது வரும். எடுக்கும் வேகம் கட்டும் வேகத்தை முந்துவது ஏறத்தாழ இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை. வயலில் நட்ட நாற்று பச்சை பிடிக்குமுன் சோர்ந்து நிற்குமே, அந்தக் கட்டம் இது. பொருத்தும்போதே மிக உயர்ந்த எண் காட்டியவை அதிகம் இறங்குவதும், 55, 60 காட்டியவை மெல்ல ஏறுவதும் வழக்கம்.

கட்டுமானம் நடப்பது இப்படி. இம்பிளான்ட் இரத்தத்தில் நனைந்த உடனேயே அதன் மேல் புரதங்கள் படிகின்றன, பிறகு ஃபைப்ரின் வலை. செல்கள் அந்த வலையைப் பிடித்துக்கொண்டு டைட்டானியம் வரை வந்து சேர வேண்டும். வழவழப்பான மேற்பரப்பில் வலை சுருங்கும்போது கழன்றுவிடும். செல்கள் வந்து சேராது, எலும்பு பழைய சுவரிலிருந்து மட்டும் மெதுவாக வளர்ந்து வரும். 1 முதல் 2 மைக்ரான் அளவு சொரசொரப்பு இருந்தால் வலை பிடித்து நிற்கும், அப்போது இம்பிளான்ட் மேலேயே எலும்பு படியத் தொடங்கும். இரண்டாம் வாரத்திலேயே மரையின் பள்ளங்களில் பின்னல் எலும்பு பார்க்கலாம். அது அவசர எலும்பு, வலு குறைவு. அதை அடுக்கு எலும்பாக மாற்றி அமைக்கப் பல மாதங்கள் ஆகும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: மரையின் நுனி பழைய எலும்போடு இறுகி உட்கார்ந்த இடத்தில் முதல் வாரங்களில் புது எலும்பு வருவதில்லை, அங்கே முதலில் அரிப்புதான். வேகமாகப் புது எலும்பு வருவது மரைக்கும் சுவருக்கும் இடையே இரத்தம் நிறைந்த இடைவெளியில். எனவே மொத்தமும் இறுகினால் நல்லது என்ற கணக்கு உயிரியலோடு ஒத்துப்போகாது.

கால அளவுக்கு வருவோம். இந்த முறையின் முன்னோடி பிரோனெமார்க் 1952இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் கூடு எலும்போடு ஒன்றிக் கழற்ற முடியாமல் போனது. 1965இல் முதல் மனித நோயாளி. அவர் வகுத்த முறையில் கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் ஈறுக்குள் மூடி வைக்க வேண்டும். அது கடைசல் போட்ட வழவழப்பான திருகுக்கான கணக்கு. இன்றைய மேற்பரப்பு அதைக் குறைத்திருக்கிறது, உண்மை. ஆனால் கையேட்டின் ஆறு வாரம் என்பது நல்ல எலும்பு, நல்ல உடல்நிலை இரண்டும் இருந்தால் என்ற நிபந்தனையோடு வருவது. சர்க்கரை 7.2 என்பது தடை அல்ல. ஆனாலும் இரத்தச் சர்க்கரை கூடும்போது எலும்பு கட்டும் வேகம் குறையும். இரண்டு வாரம் கூட்டிக்கொள்வதில் நட்டமில்லை.

இப்போது கிரவுன் வைத்தால் என்ன ஆகும்? இம்பிளான்ட்டுக்கும் எலும்புக்கும் இடையே 50 முதல் 150 மைக்ரான் வரை அசைவைத்தான் குணமாகும் எலும்பு பொறுக்கும். அதற்கு மேல் போனால் செல்கள் எலும்பைக் கட்டாமல் நார்த்திசுவைக் கட்டும். நார்த்திசு உறை ஒருமுறை அமைந்துவிட்டால் அது பிறகு எலும்பாகாது. எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டியதுதான்.

டிரில்_800:

உயிரியலை மேலே நன்றாகச் சொல்லிவிட்டார். நான் முதலில் அந்த 62ஐயே கேள்வி கேட்பேன். அளப்பதற்காக இம்பிளான்ட்டில் திருகும் பெக் சுத்தமான உட்புறத்தில் உட்கார்ந்ததா? ஹீலிங் கேப் எடுத்ததும் உள்ளே இரத்தமோ ஈறுத் துணுக்கோ இருந்தால் பெக் முழுதாக இறங்காது, எண் குறையும். சலைன் பீய்ச்சி, காயவைத்து, பெக்கைக் கைவிரல் இறுக்கத்தில் மட்டும் திருகுங்கள். கன்னம்–நாக்கு திசையில் ஒன்று, முன்–பின் திசையில் ஒன்று என இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். கன்னம்–நாக்கு திசையில் பெரும்பாலும் குறைவாக வரும். முதல்நாள் ஒரு திசையிலும் இன்றைக்கு வேறு திசையிலும் அளந்திருந்தால் 12 புள்ளி வித்தியாசத்தில் ஒரு பங்கு அதுவே.

அளவு சரி என்றே வைத்துக்கொண்டாலும் 60க்கும் 70க்கும் நடுவில் இருப்பது நடுத்தர நிலை. ஆறாம் வாரம் அளங்கள். ஏறியிருந்தால் எட்டாம் வாரம் மறுபடி. 70ஐத் தொட்டால் கிரவுனுக்குப் போகலாம். ஆறாம் வாரமும் இறங்கியிருந்தால் படம் எடுத்து, கடிக்கும்போது எதிர்ப்பல் கேப்பில் படுகிறதா என்று பாருங்கள். படுகிறதென்றால் உயரம் குறைந்த கேப்.

60, 70 டார்க் யோசனையை விட்டுவிடுங்கள். டி2 எலும்பில் மேல் 2 மி.மீ. தடித்த கார்ட்டிகல் (வெளி ஓட்டு எலும்பு) பகுதி. டார்க்கின் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது, நசுங்குவதும் அதுதான். கன்னப்பக்கச் சுவர் 1.5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அந்த நசுக்கலில் சுவரே கரைந்து மரை வெளியே தெரியும். 30 முதல் 45 வரை போதும். டார்க் 50ஐத் தாண்டப் பார்த்தால் ராட்செட்டை அழுத்தித் தள்ளாதீர்கள். இரண்டு சுற்று பின்னுக்குத் திருப்பி மறுபடி இறக்குங்கள். அப்போதும் இறங்கவில்லையா, வெளியே எடுத்து சலைனில் நனைத்த உறைக்குள் வைத்து, மேல்பகுதியை அகலப்படுத்தும் ப்ரொஃபைல் டிரில்லும் தேவைப்பட்டால் மரை வெட்டும் டேப்பும் போட்டுவிட்டு வையுங்கள். டிரில் அளவைக் குறைப்பது மேல்தாடைப் பின்பகுதியின் டி4 எலும்புக்குச் சொன்ன வித்தை. கீழ்த்தாடைக்கு அது வேண்டாம்.

வெப்பத்தையும் மறக்காதீர்கள். 1983இல் முயல் எலும்பில் காட்டிய எல்லை: 47 டிகிரி செல்சியஸ், ஒரு நிமிடம். அதைத் தாண்டினால் அந்த எலும்பு திரும்பாது. 4.1 இம்பிளான்ட்டுக்கு 2.2 மி.மீ. டிரில் நிமிடத்துக்கு 800 சுற்று, 2.8க்கு 600, 3.5க்கு 500 எனக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். டேப்பும் இம்பிளான்ட்டும் 15 சுற்று. குளிரவைத்த சலைன் ஓட ஓட, ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி. ஒரே அழுத்தாக அழுத்தினால் தண்ணீர் நுனிக்குப் போகாது. கைடு (துளையின் திசை காட்டும் அச்சு) வைத்து டிரில் செய்யும்போது தண்ணீரை கைடே மறிக்கும், அங்கே இன்னும் நிதானம் வேண்டும். முனை மழுங்கிய டிரில்தான் பெரிய குற்றவாளி. எத்தனை முறை பயன்படுத்தினோம் என்று பெட்டி மூடியில் குறித்து வையுங்கள்.

டிரில்லில் 10 மி.மீ. என்று குறித்திருக்கும் கோடு முனையின் கூம்பைச் சேர்க்காது என்பதையும் இதோடு சொல்லிவிடுகிறேன். கீழ்த்தாடை நரம்புக்கு 2 மி.மீ. இடைவெளி விடும்போது அந்தக் கூம்பையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

புது_கிளினிக்:

நன்றி டாக்டர். இரண்டு திசையிலும் அளக்கவில்லை, அடுத்த முறை அளக்கிறேன். ஒரு சந்தேகம்: பிரஷ் படும்போது லேசாக நோகிறது என்கிறார். கேப்பைக் கழற்றும்போது இம்பிளான்ட்டும் சேர்ந்து சுற்றிவிட்டால் என்ன செய்வது?

டிரில்_800:

முதலில் கேப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிரஷ் பட்டு நோவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கேப்புக்கும் இம்பிளான்ட்டுக்கும் நடுவில் ஈறு மாட்டிக்கொண்டு வீங்கியிருக்கும். கழற்றி, குளோர்ஹெக்சிடின் விட்டுக் கழுவி, கைவிரலால் இறுக்கினால் இரண்டு நாளில் அடங்கும்.

இம்பிளான்ட்டே சுற்றினால், அதோடு சுரீர் என்று வலித்தால், அந்த நொடியே நிறுத்துங்கள். இன்னும் இறுக்கிப் பார்ப்போம் என்று முயலக் கூடாது. பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடாமல் சுற்ற மட்டும் செய்கிறது, படத்திலும் கருப்புக் கோடு இல்லை என்றால் கவர் ஸ்குரூ போட்டு மூடி 8 முதல் 12 வாரம் தொடாமல் விடுங்கள். பல கேஸ்களில் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டில் ஆடினால் காத்திருப்பதில் பயனில்லை. எடுத்து, குழியைச் சுரண்டி, நார்த்திசு இல்லாமல் சுத்தம் செய்து ஆறவிடுங்கள்.

கடி_தாள்:

பல் கட்டும் பக்கத்திலிருந்து சில வார்த்தைகள். நோயாளி வெளிநாடு போகிறார் என்பதற்காக அவசரப்பட வேண்டாம். இம்பிளான்ட்டின் பெயர், விட்டம், நீளம், லாட் எண், இணைப்பு வகை இவற்றை எழுதிக் கையில் கொடுத்தால் அங்கே உள்ள மருத்துவரும் கிரவுன் வைக்கலாம். இந்தக் குறிப்பு இல்லாமல் வருகிறவர்களுக்குத்தான் எந்த டிரைவர் பொருந்தும் என்று தேடியே நேரம் போகிறது.

இங்கேயே வைப்பதென்றால் ஸ்குரூவால் பிடிக்கும் கிரவுனாகச் செய்யுங்கள். சிமென்ட் வைத்தால் ஈறுக்குக் கீழே பிதுங்கும் மிச்சத்தை எடுப்பது கடினம். எலும்பு நன்றாகச் சேர்ந்த இம்பிளான்ட்டைச் சில வருடம் கழித்துச் சீழ்பிடிக்க வைப்பதில் அந்த மிச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கிரவுன் முழுதாக உட்கார்ந்ததா என்று படம் எடுத்துப் பார்த்த பிறகே இறுக்குங்கள். டார்க் தயாரிப்பாளர் சொன்னது, பெரும்பாலும் 30 அல்லது 35. பத்து நிமிடம் விட்டு மறுபடி அதே அளவுக்கு இறுக்க வேண்டும், ஏனென்றால் மரையின் நுண்மேடுகள் அமுங்கி முதல் இறுக்கத்தில் கொஞ்சம் போய்விடும். ஸ்குரூ தலைமேல் டெஃப்லான் டேப், அதன்மேல் காம்போசிட்.

கடியை இயல்பான பல்லுக்கு வைப்பதுபோல் வைக்கக் கூடாது. இயல்பான பல்லைச் சுற்றி நார்ப்பட்டை இருக்கிறது, அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும். இம்பிளான்ட் அமுங்காது. எனவே 8 மைக்ரான் ஷிம்ஸ்டாக் தாளை வைத்து மெல்லக் கடித்தால் உருவிக்கொண்டு வர வேண்டும், அழுத்திக் கடித்தால் மட்டும் பிடிக்க வேண்டும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது கிரவுனில் ஒரு புள்ளியும் படக் கூடாது. இரவில் பல்லைக் கடிப்பவர் என்றால் நைட் கார்டு அவசியம்.

கிரவுன் வைத்த அன்றே இணைக்கோட்டுப் படம் (ஃபிலிமை இம்பிளான்ட்டுக்கு இணையாக வைத்து எடுக்கும் எக்ஸ்ரே) ஒன்று எடுத்து வையுங்கள். முதல் வருடத்தில் மேல்விளிம்பு எலும்பு ஒன்று, ஒன்றரை மி.மீ. இறங்கலாம், அதன்பின் வருடத்துக்கு 0.2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். ஒப்பிட அந்த முதல் படம் இல்லாவிட்டால், அடுத்த வருடம் தெரியும் 1 மி.மீ. இறக்கம் பழையதா புதியதா என்று யாராலும் சொல்ல முடியாது.