உரத் தேநீர் ட்ரம், குழாய், தெளிப்பான் கழுவும்போது கண்டவை: அனுபவப் பகிர்வு

நாகலூர் காப்பித்தோட்டம்:
மக்கிய உரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, மோட்டாரால் காற்று ஊதித் தயாரிப்பதுதான் உரத் தேநீர். அது போட்ட ட்ரம்மைப் பக்கத்துத் தோட்டத்து மேஸ்திரி தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்திருந்தார். முகர்ந்து பார்த்தேன், வாடையே இல்லை. ஆனால் காற்றுக்குழாயைக் கையில் எடுத்தால் உள்ளே பழுப்பாக ஏதோ தெரிந்தது. நுனியை நகத்தால் நிமிண்டி இழுத்தேன். வழவழவென்று வந்துகொண்டே இருந்தது, ஒரு முழம் இருக்கும். முதலாளியிடம் காட்டினால், "எல்லாம் நல்ல கிருமிதான் சார், அடுத்த தடவைக்கு உறை மோர்" என்கிறார். அதே குழாயைத்தான் மறுபடியும் மாட்டினார்கள். மிளகுக்கொடிக்கு ஊற்றுகிறார்கள். எனக்குத்தான் மனது ஆறவில்லை.

அஸ்தம்பட்டி மாடித்தோட்டம்:
எங்கள் போர் தண்ணீரின் உப்பைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீன்தொட்டிக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர், மோட்டார் போய்விட்டது, புதிது கொடுங்கள் என்றார். கடைக்காரர் குழாய் நுனியில் குமிழி விடும் கல்லை (ஏர் ஸ்டோன்) கழற்றிவிட்டு வெறும் குழாயைத் தண்ணீரில் விட்டார், குமிழி கொட்டியது. கல்லை மாட்டினார், நின்றுவிட்டது. கல்லை ஒரு டம்ளர் வினிகரில் போட்டதும், அடைத்திருந்த உப்பு சுர்ரென்று நுரைத்தது. விற்றிருந்தால் காசு. ஏன் விற்கவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.

வாழப்பாடி தக்காளி:
தெளிப்பானை மச்சான் முறையில் ஒருவர் இரவல் வாங்கினார். பளபளவென்று கழுவித்தான் திருப்பிக் கொடுத்தார். அதில் உரத் தேநீர் தெளித்த பிறகு தக்காளியில் வந்த கொழுந்தெல்லாம் நூலாக மெலிந்து முறுக்கிக்கொண்டது. மக்காச்சோளத்துக்கு 2,4-டி அடித்திருக்கிறார். களைக்கொல்லி போன தெளிப்பானைத் தண்ணீரில் அலசினால் போதாது. ரப்பர் குழாயிலும் வாஷரிலும் தங்கிவிடும். அவரோ வைரஸ் என்று சாதிக்கிறார். கல்யாண வீடுகளில் பார்க்கும்போதெல்லாம், "தக்காளி எப்படி மாப்பிள்ளை?" என்று கேட்கிறார்.

பனமரத்துப்பட்டி:
நாகலூர்க்காரர் ஒரு முழத்துக்கு இவ்வளவு பதற வேண்டுமா? எங்கள் அப்பா பஞ்சகவ்யப் பானையைத் தேய்த்து நான் பார்த்ததே இல்லை. தென்னை காய்க்காமலா போயிற்று? அந்த முதலாளி சொன்னதில் தப்பில்லை.

ஓமலூர்:
பனமரத்துப்பட்டி நண்பருக்கு: பஞ்சகவ்யம் புளிக்க வேண்டிய சரக்கு. உரத் தேநீர் காற்று ஓட வேண்டிய சரக்கு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அந்த வழவழப்புக்குள் காற்று நுழையாது. காற்று வேண்டாத கிருமிகள் அங்கேதான் குடியிருக்கும். அது உறை மோர் அல்ல, ஊசிப்போன சரக்கு. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஊற்றி முடித்த அன்றே கழுவுங்கள், காய்ந்தால் பிரஷ்ஷுக்கும் அசையாது. ட்ரம் அடியில் கல்லைச் சுற்றியுள்ள மூலையையும் பைப் வளைவையும்தான் முதலில் தேய்க்க வேண்டும்; பக்கச்சுவரைப் பளபளப்பாக்குவது பார்வைக்கு. மருந்துக் கடையில் விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைக் குழாயில் நிரப்பி ஊறவிடுங்கள். பொங்குவது அடங்கியதும் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். குழாய் பழுப்பேறிவிட்டால் தூக்கிப் போடுங்கள், அது என்ன தங்கமா? பிளீச்சிங் பவுடர் போட்ட ட்ரம்மில் வினிகர் ஊற்றவே ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். மேட்டூர் குழாய்த் தண்ணீர் என்றால், அதிலுள்ள குளோரின் போக, முந்தின இரவே பிடித்து மூடாமல் வைத்துவிடுங்கள். வெல்லத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். சாணத்திலிருந்து வந்த கெட்ட கிருமிக்கும் அது விருந்துதான். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, வெள்ளரிக்கு இலைமேல் தெளிப்பதை நான் விட்டுவிட்டேன்.

பனமரத்துப்பட்டி:
எல்லாம் சரி ஐயா. இது அனுபவப் பகிர்வு. உங்கள் அனுபவம் எங்கே?

ஓமலூர்:
மருமகன் மோட்டாரைத் தரையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். ராத்திரி கரண்ட் போனது. ட்ரம்மில் இருந்த தேநீர் குழாய் வழியாகத் திரும்பி இறங்கி மோட்டாரை நிரப்பிவிட்டது. காலையில் கழற்றினால் உள்ளே கரிச்சேறு. மோட்டார் எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொங்க வேண்டும். மருமகனாயிற்றே, அவரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?