கமா இடைவெளியை முதன்முதலில் காதால் கேட்டது எப்போது?

சுத்தமாகக் கூட்டிய ஸ்வரங்கள் சந்திக்க வேண்டிய இடத்தில் மிஞ்சுகிற அந்தத் துளி சுருதி வித்தியாசத்தைத்தான் சொல்கிறேன். படித்துத் தெரிந்துகொண்டதைக் கேட்கவில்லை. காதில் விழுந்த நாளைச் சொல்லுங்கள். நானே தொடங்குகிறேன்.

என்னிடம் ஒரு சுவரமண்டல், விரலால் மீட்டும் பல கம்பி வாத்தியம், இருக்கிறது. பன்னிரண்டு ஸ்வரங்களையும் சுருதிப் பெட்டியின் துணையில்லாமல், பஞ்சமத்தை மட்டும் நம்பிக் கூட்டிப் பார்க்க ஆசை வந்தது. சட்ஜத்துக்குப் பஞ்சமம். அந்தப் பஞ்சமத்தையே சட்ஜமாக வைத்தால் அதற்குப் பஞ்சமம் சதுஸ்ருதி ரிஷபம். அதற்குச் சதுஸ்ருதி தைவதம். இப்படியே போக வேண்டியதுதான், ஸ்தாயி தாண்டும்போது மட்டும் கீழே இறக்கிக்கொள்ளலாம். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அலை முழுதாக அடங்கும் வரை ஒவ்வொன்றையும் திருகினேன். பதினோராவது அடியில் சுத்த மத்யமம் வந்தது. அதோடு மேல் சட்ஜத்தைச் சேர்த்து மீட்டினேன். ஊளையிட்டது.

கம்பி இறங்கியிருக்கும் என்று முதலிலிருந்து கூட்டினேன். அதே இடம், அதே ஊளை. மூன்றாம் முறையும் அப்படித்தான். அப்புறம்தான் தாளை எடுத்தேன். பஞ்சமம் என்றால் 3/2, ஸ்தாயி என்றால் 2. 3-ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 5,31,441. 2-ஐப் பத்தொன்பது முறை பெருக்கினால் 5,24,288. ஒன்று ஒற்றைப்படை, மற்றது இரட்டைப்படை. எத்தனை பஞ்சமம் அடுக்கினாலும் இவை சந்திக்கப் போவதே இல்லை. பன்னிரண்டு பஞ்சமங்கள் ஏழு ஸ்தாயியைத் தாண்டி 23.46 சென்ட் மிஞ்சுகின்றன. ஸ்தாயிக்கு 1200 சென்ட் என்று வைத்தால் இது அரை ஸ்வரத்தில் கால் பங்கு கூட இல்லை. பதினொரு பஞ்சமங்களை நான் சுத்தமாக வைத்ததால் மிச்சம் மொத்தமும் பன்னிரண்டாவதன் தலையில் விழுந்தது. ஐரோப்பாவில் இதற்கு ஓநாய் என்றே பெயர். கேட்டவர்களுக்குத்தான் தெரியும், எவ்வளவு சரியான பெயர் என்று.

• • •

ஐயா, உங்களுடையது பித்தகோரஸ் கமா. நான் சந்தித்தது அதன் தம்பி, 81/80 என்ற விகிதம். 21.5 சென்ட்.

நான் பாடுகிறவள். சட்ஜத்தை 240 ஹெர்ட்ஸில் வைத்துத் தனியாகச் சாதகம் செய்வேன். அன்று ரிஷபத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பஞ்சமம் 360. அதனோடு ஒட்டும்படி ரிஷபம் பிடித்தால் 270. சரி. அதன் பிறகு கம்பியில் பஞ்சமத்தை விட்டுவிட்டு, சட்ஜத்தோடு குழையும் தைவதத்தை, 400-ஐ, வைத்துக்கொண்டு அதே ரிஷபத்தைப் பாடினேன். ஒட்டவில்லை. குரலைத் துளி இறக்கினேன், சட்டென்று பூட்டிக்கொண்டது. அளந்தால் 266.7. மறுபடி பஞ்சமத்துக்குப் போனால் பழைய இடத்துக்கு ஏற வேண்டியிருந்தது.

இரண்டும் ரிஷபம்தான், இரண்டும் சுத்தம்தான். அதுவரை என் காது கெட்டுவிட்டது என்று எத்தனையோ முறை வருந்தியிருக்கிறேன். ஒரே ஸ்வரத்துக்கு இரண்டு வீடு இருக்கலாம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் நாட்டிய சாஸ்திரத்தில் பரதர் இதைத்தான் சொல்லியிருக்கிறார். ஒரே மாதிரி சுருதி கூட்டிய இரண்டு வீணைகளில் ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்றதில் பஞ்சமத்தைப் பிரமாண சுருதி என்ற துளி அளவு இறக்கச் சொல்கிறார். கிராமம் என்பது அந்தக் காலத்து ஸ்வர வரிசை. சட்ஜ கிராமத்தில் ரிஷபத்தோடு சேராத பஞ்சமம், இறக்கியதும் மத்யம கிராமத்தில் சேர்ந்துகொள்கிறது. நான் ரிஷபத்தை நகர்த்தினேன், அவர் பஞ்சமத்தை நகர்த்துகிறார். அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

• • •

அம்மா சொன்ன அந்த ரிஷபம்தான் எங்கள் நால்வரையும் கவிழ்த்தது.

வாத்தியம் இல்லாமல் நான்கு குரலில் பாடிக்கொண்டிருந்தோம். சட்ஜத்திலிருந்து தைவதம், தைவதத்துக்கு ஒரு பஞ்சமம் கீழே ரிஷபம், ரிஷபத்திலிருந்து மேலே பஞ்சமம், அங்கிருந்து கீழே சட்ஜம். ஒரு சுற்று அவ்வளவுதான். ஒவ்வொரு தாவலையும் ஒருவரை ஒருவர் கேட்டு அவ்வளவு சுத்தமாகப் பாடினோம். நான்கு சுற்று முடிந்து சுருதிக் கவையைத் தட்டினால் கிட்டத்தட்ட அரை ஸ்வரம் இறங்கியிருந்தோம்! யார் இறக்கியது என்று பார்த்தோம். யாருமே இல்லை. சுற்றுக்கு 21.5 சென்ட், நான்கு சுற்றுக்கு 86. சுத்தமாகப் பாடினதால்தான் இறங்கியது. இத்தாலியரான பெனடெட்டி இதே இறக்கத்தைக் கணக்குப் போட்டு எழுதிய கடிதங்கள் 1585-இல் அச்சாகியிருக்கின்றன.

இப்போதெல்லாம் அந்த ரிஷபத்தில் ஒருவர் மட்டும் மனதில் பழைய சட்ஜத்தைப் பிடித்துக்கொள்வார். உரசல் கொஞ்சம் இருக்கும், இருக்கட்டும்.

• • •

நான் சின்தசைஸரில் ஸ்தாயியை 53 சம பங்காகப் பிரித்து வாசிக்கிறேன். ஒரு பங்கு 22.64 சென்ட். இரண்டு கமாவும் அங்கே ஒரே பங்காகிவிடுகின்றன. பஞ்சமம் 31 பங்கு, அந்தர காந்தாரம் 17 பங்கு, இரண்டிலும் பிசகு காதுக்கு எட்டாத அளவுதான். ஆனால் விரல்களுக்கு இன்னும் வழி பழகவில்லை.

• • •

சுவரமண்டல் அண்ணா, கம்பியைத் தளர்த்திவிட்டீர்களா? இல்லையென்றால் ஒரு வேலை செய்யுங்கள். முதலில் சட்ஜத்தையும் அந்தர காந்தாரத்தையும் சேர்த்து மீட்டுங்கள். 408 சென்ட், கரகரவென்று இருக்கும். அப்புறம் சுத்த தைவதத்தையும் மேல் சட்ஜத்தையும் மீட்டுங்கள். அதுவும் காந்தார தூரம்தான், ஆனால் ஓநாயைத் தாண்டிப் போகிறது. அங்கே 384.4. இயற்கையான காந்தாரம் 386.3. நடுவே 1.95 சென்ட், ஸ்கிஸ்மா என்பார்கள். நான் கேட்ட இடைவெளிகளிலேயே சின்னது அதுதான். கேட்டேன் என்பதைவிட, அது அசைவதைப் பார்த்தேன் என்று சொல்லலாம்.

• • •

தளர்த்தவில்லை, தம்பி. நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் எழுந்துபோய் மீட்டினேன்.

என் சட்ஜமும் 240-தான். சட்ஜம், அந்தர காந்தாரம்: விநாடிக்குப் பதினைந்து அலை, எண்ணவே முடியாத நடுக்கம். சுத்த தைவதம், மேல் சட்ஜம்: விநாடிக்கு இரண்டே அலை. தூங்குகிறவர் மூச்சு மாதிரி மெல்ல ஏறி இறங்குகிறது. கப, நிரி, மத என்று இன்னும் மூன்று ஜோடி இருக்குமே என்று தேடினேன். சாதாரண காந்தாரத்திலிருந்து பஞ்சமம், கைசிகி நிஷாதத்திலிருந்து ரிஷபம், சுத்த மத்யமத்திலிருந்து சதுஸ்ருதி தைவதம். மூன்றும் அப்படியே இனிக்கின்றன. ஊளையிட்ட மத்யமமேதான் அந்தக் கடைசி ஜோடியில் இருப்பது.

ஒரு திருகையும் இன்னும் தொடவில்லை. அப்படியே உறை போட்டு வைத்திருக்கிறேன். காலையில் இன்னொரு முறை கேட்க வேண்டும்.