பாட்டி குரல் இருக்கிற பழைய கேசட், பூஞ்சை பிடிச்சிருக்கு. உதவுங்க

வணக்கம். தொண்ணூறு தாண்டி வாழ்ந்த எங்க பாட்டி காலமாயிட்டாங்க. பேரப்பிள்ளைகளுக்காக அவங்க வாழ்க்கையைத் தொகுக்கிறோம்.

கல்யாண போட்டோ ஃபிரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. பிய்க்காம அப்படியே 600 டிபிஐ-ல ஸ்கேன் பண்ணிட்டேன். சிக்கல் கேசட்தான். அத்தனை பேரன் பேத்தி பேரையும் வரிசையா சொல்லி, நடுவுல ஒருத்தனை விட்டுட்டு, "ஐயோ, அவன் கோவிச்சுக்குவானே!"ன்னு சிரிப்பாங்க. (அந்த ஒருத்தன் நான்தான்.)

நாடா ஓரத்துல வெள்ளையா பூஞ்சை. அப்படியே ஓட்டினா பிளேயர் ஹெட்லயும் பரவும், நாடாவும் அறுந்துடலாம்னு தொடவே இல்லை. வீட்டிலேயே சுத்தம் பண்ணலாமா, தொழில் தெரிஞ்சவங்ககிட்ட கொடுக்கணுமா? எம்பி3 வேண்டாம், ஒலியைச் சுருக்காம அப்படியே வைக்கிற வேவ் ஃபைலா எடுக்கப்போறேன். இரைச்சலைக் குறைக்க ஆடாசிட்டி (இலவச ஆடியோ எடிட்டிங் மென்பொருள்) போதுமா? அவங்க குரல் மட்டும் மாறிடக் கூடாது. செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.