இன்று ராத்திரி பனி இறங்குமாம்

குழு: காந்தல் வீடு, ஊட்டி

விஜயா அத்தை: தலைகுந்தாவில் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாம், பால்காரர் சொன்னார். இன்று ராத்திரி நம் பக்கமும் இறங்கிவிடும். பின்பக்கப் பாத்தியில் லெட்யூஸ் நிற்கிறது. அண்ணன் அறுபதாம் கல்யாணத்துக்கு அது வேண்டும். மூட யாரிடமாவது பழைய போர்வை இருக்கிறதா?

கார்த்தி: மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாமே அத்தை

விஜயா அத்தை: வீட்டு இலைதான் போடணும் என்றது உன் அப்பா. அவரைக் கேள்.

சுதா அக்கா: வடை பாயசத்துக்கு நடுவில் லெட்யூஸா 😂

கார்த்தி: இலைக்கு மேல் இலை

அப்பா: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

சுதா அக்கா: மணி மூன்று பெரியப்பா

கார்த்தி: போனில் 4 டிகிரிதான் காட்டுகிறது. உறையாது.

மணி மாமா: போன் காட்டுவது ஆள் உயரத்துக் காற்று. அது 4 என்றால் தரையில் 0-க்குக் கீழே போயிருக்கலாம். மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் மண் பகலில் வாங்கிய சூடு அப்படியே மேலே போய்விடும். குளிர்ந்த காற்று கனம், பள்ளத்தில் வந்து தேங்கும். நம் பின்பக்கம் பள்ளம். அதனால் இப்போதே பாத்திக்குத் தண்ணீர் விடு, ஈர மண் சூட்டைப் பிடித்து வைக்கும். ஐந்து மணிக்குள் மூடிவிடு. குச்சி நட்டு அதன் மேல்தான் துணி, இலையில் படக்கூடாது. பொட்டானிக்கல் கார்டனில் பூச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடி வைத்து மூடுவார்களே, அதுபோல. காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடணும், இல்லாவிட்டால் அழுகல் வரும்.

சுதா அக்கா: 👍

லலிதா சித்தி: சென்னையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து சொல்வது சுலபம் அண்ணா

மணி மாமா: மூடியும் வெள்ளை பிடித்தால் இலையைத் தொடாதே. வெயில் ஏறும் முன் பூவாளியால் தண்ணீர் தெளித்துக் கழுவு. உறைந்த இலையில் சுள்ளென்று வெயில் பட்டால் இன்னும் கருகும். பறிப்பது பத்து மணிக்கு மேல். விரிந்த இலை ரகமும் ரோமெய்னும் ஓரளவு தாங்கும். உருண்டை கட்டிய ஐஸ்பெர்க் தாங்காது. அந்த விதை பாக்கெட்டை யார் கொண்டுவந்தார் என்று நான் சொல்லவில்லை.

லலிதா சித்தி: பெயரையே சொல்லலாம். அவர் பக்கத்தில்தான் இருக்கிறார்.

கார்த்தி: போர்வை விஷயம் என்ன ஆச்சு

விஜயா அத்தை: தாத்தா வேட்டி பெட்டியில் இருக்கிறது

அப்பா: அதைத் தொடக்கூடாது.

விஜயா அத்தை: அப்படியென்றால் ரிட்டயர்மென்ட்டில் உங்களுக்குப் போட்ட சால்வைகள். ஒரு நாளாவது போர்த்தினீர்களா?

சுதா அக்கா: லெட்யூஸுக்குப் பொன்னாடை 🤣🤣

மணி மாமா: ஜரிகை கனம். நடுவில் குச்சி கூடுதலாக வை.

லலிதா சித்தி: காட்டுமாடு வந்தால் சால்வையோடு தின்றுவிட்டுப் போகும். போன வாரம்தான் வேலியை மிதித்தது.

விஜயா அத்தை: வேலி கட்டுவது யார் பொறுப்பு என்று நிலத்தை அளந்த அன்றே பேசியாச்சு லலிதா

லலிதா சித்தி: பேசியது நீங்கள். கேட்டது நாங்கள்.

அப்பா: குழுவில் வேண்டாம்.

அப்பா: சமையல்காரர் கூப்பிட்டார். பொரியல் 2 போதுமா, 3 வேண்டுமா?

சுதா அக்கா: லெட்யூஸைச் சேர்த்தா சேர்க்காமலா

அப்பா: அது பச்சடிக் கணக்கு. யோசித்துச் சொல்கிறேன்.

விஜயா அத்தை: கார்த்தி, ஏணியோடு வா. சால்வையெல்லாம் பரணில்.

கார்த்தி: வருகிறேன். குச்சி?

லலிதா சித்தி: எங்கள் பக்கத்து வேலியில் பிடுங்காதே